மருமகளைப் படிக்க வாங்கிய புத்தகங்கள்

கண்ணா,

பயந்துவிடாதே. நைனா கடிதம் எழுதுகிறார் என்றதும் உன் மனம் ஆஸ்பத்திரிக்கும் வக்கீல் வீட்டுக்கும் ஓடும். உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை மட்டும் என்னைவிட உற்சாகமாக இருக்கிறது. போனிலேயே சொல்லலாமே என்பாய். நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் கார் தொழிற்சாலையில் மணி அடித்துவிடுகிறது, அல்லது நான் லாட்ஜ் கதைக்குத் தாவிவிடுகிறேன். மாசியில் நீயும் இலோனாவும் ஸ்லோவாக்கியாவிலிருந்து வருகிறீர்கள், மலையில் முருகன் முன்னால் மாலை மாற்றிக்கொள்ளப் போகிறீர்கள். அதற்குள் உனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அது என் தலையணையைப் பற்றியது. சிரிக்காதே. சரி, சிரி. வழக்கம்போல இதை ஊரே படிக்கத் தரப்போகிறேன். முதல் மொட்டை அடிக்கும்போது நீ நாவிதர் மடியில் செய்த காரியத்தையே பத்திரிகையில் எழுதியவன், என் தலையணையை மட்டும் விட்டுவைப்பேனா?

இலோனாவைப் பற்றி நீ முதலில் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? "நைனா, அவ ரோமானி. அப்டின்னா இன்னான்னு தெரியுமா?" என்றாய். "தெரியும், தெரியும்" என்றேன். தெரியாது. திருத்தணியில் லாட்ஜ் மேனேஜராகத் தலை நரைத்தவன் வாயில் தெரியாது என்ற சொல் வராது. வாசலில் விடும் செருப்பைப் பார்த்தே சித்தூர்க்காரரா செங்கல்பட்டுக்காரரா என்று சொல்லிவிடுவேன். வெந்நீருக்குச் சண்டை போடப்போகிறவர் யார், துண்டைச் சுருட்டிக்கொண்டு போகப்போகிறவர் யார் என்பதெல்லாம் ரிஜிஸ்டரில் கையெழுத்து விழும்முன் எனக்குத் தெரிந்துவிடும் என்று நாற்காலியில் சாய்ந்து பெருமையடிப்பேன். உன் அம்மா மட்டும்தான் கேட்பாள்: "கல்யாணத்தப்போ என்னைப் பாத்து சாதுன்னு சொன்னீங்களே, அந்தக் கண்ணுதானே இது?"

டீக்கடையில் விஷயம் கசிந்தது. கசிந்தது என்ன, நான்தான் ஊற்றினேன். "ஐரோப்பாப் பொண்ணு, டிராம் ஓட்டுது" என்று ஆரம்பித்து, சபை நிறைந்ததும் "ரோமானி" என்றேன். பெஞ்சின் கோடியிலிருந்து ஒருவர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஜிப்சின்னு போட்டுக்கீதே! நம்ம மலை அடிவாரத்துல பாசிமணி விக்கிறாங்களே, அவங்க மாரியா? வண்டி கட்டிக்கினு ஊர் ஊரா போவாங்களாமே?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். மணி விற்பவர்களுக்காக ஒரு வார்த்தை, என் மருமகளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஊரையே பேச்சில் மடக்குகிறவன் டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அன்றுதான் புத்தகம் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

முதல் புத்தகம் சென்னையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. எழுதியவர் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை. குதிரையில் போய் அவர்களைப் பார்த்தவராம். குதிரையிலிருந்து இறங்கினாரா என்பதுதான் தெரியவில்லை. அட்டையில் நெருப்பு, பிடில், பாவாடை சுழல ஒரு பெண். உள்ளே வாக்கியத்துக்கு வாக்கியம் "இவர்கள்" என்று தொடங்குகிறது. இவர்கள் ஓரிடத்தில் தங்கமாட்டார்கள். இவர்கள் பாத்திரம் கழுவும் தொட்டியில் கை கழுவமாட்டார்கள். இவர்கள் இறந்தவரின் துணிமணிகளை வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள், எரித்துவிடுவார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டேன். பாத்திரத்துக்கு நீலத் தொட்டி, கைக்குச் சிவப்புத் தொட்டி என்று பிளாஸ்டிக்கில் வாங்கிவந்தேன். மறுநாளே சிவப்பில் அரிசி களைந்துவிட்டேன், அது வேறு கதை. ஓரிடத்தில் தங்கமாட்டார்கள் என்ற வரியில் மட்டும் கொஞ்சம் இடித்தது. நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் ஓட்டுவது தண்டவாளத்தில் போகும் வண்டி. காலையில் கிளம்பி அதே தெரு, அதே நிறுத்தம், திரும்பி அதே தெரு. அவள் தாத்தாவுக்குத் தாத்தாவும் அதே ஊர்தான் என்று நீயே சொன்னாய். நம் பக்கம் கணக்குப் பார்த்தால் நீ ஸ்லோவாக்கியா, உன் சித்தப்பா துபாய், நான் அம்மையார்குப்பத்தில் பெண்ணெடுத்து, அரக்கோணத்தில் படித்து, திருத்தணியில் ஒதுங்கியவன். நாடோடி யார் என்று துரையைத்தான் கேட்க வேண்டும்.

அப்போதே உறைத்திருக்க வேண்டும். யோசித்துப் பார், அந்தத் துரை ஆடிக் கிருத்திகையன்று நம் மலைக்கு வந்து ஒரு புத்தகம் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? "தமிழர்கள்: இவர்களுக்குத் தலைமுடி கிடையாது. ஆண், பெண், குழந்தை என்று இல்லாமல் மண்டையில் சந்தனம் பூசுவர். இவர்கள் மஞ்சள் உடுத்து, தோளில் மயிலிறகு சுமந்து, எப்போதும் படியேறிக்கொண்டே இருப்பர்." ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனை அதில் தேடினால் கிடைப்பானா?

இரண்டாவது புத்தகம் நீ சொல்லி வரவழைத்தது. தலைக்கு வைத்தால் கழுத்து வலிக்கும் கனம். பேராசிரியர் ஒருவர் எழுதிய சரித்திரம். ரோமானி மக்களின் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் தேசத்தின் வடக்கிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை அவர்கள் பேச்சை வைத்தே கண்டுபிடித்தார்களாம். தண்ணீருக்குப் பானி, வடக்கத்தி யாத்ரீகர்கள் என் கவுன்டரில் கேட்கும் அதே பானி. மனிதனுக்கு மனுஷ். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து யாரோ ஒட்டிய பெயர்தான் ஜிப்சி. அதைக் கேட்டால் பலருக்கு வலிக்கும் என்றும் போட்டிருந்தது. டீக்கடையில் நான் சொல்லாமல் விட்டது இன்னொரு முறை உறுத்தியது.

ஆனால் படித்தவுடன் சும்மா இருக்கிற ஜாதியா நான்? அந்த வார்த்தைப் பட்டியலை எடுத்துக்கொண்டு மலை அடிவாரத்தில் மணி விற்கும் அம்மாவிடம் போய் நின்றேன். அவர்கள் வீட்டுப் பேச்சும் வடக்கத்திதான் என்பார்கள், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கண்டுபிடித்துப் பெரிய ஆளாகிவிட ஆசை. "உங்க பேச்சுல தண்ணிய இன்னான்னு சொல்வீங்க? மூக்க இன்னான்னு சொல்வீங்க?" என்று கேட்டேன். அவர் கோத்துக்கொண்டிருந்த மணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏன் சார், உங்க ஊட்டுக்கு வந்து மூக்குக்கு இன்னா பேருன்னு நான் கேட்டனா?" என்றார். பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "மணி வாங்க வந்தியா, கணக்கெடுக்க வந்தியா? வாங்குறதுன்னா உக்காரு. கணக்குன்னா போய்க்கினே இரு" என்றார் மணி விற்கும் அம்மா. ஒரு மாலை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன். அதை லாட்ஜில் சாவி மாட்டும் பலகையில் காலி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் அது எந்த அறைக்குச் சாவி என்று கேட்கிறார்கள்.

அந்தக் கனமான புத்தகத்தின் நடுப்பகுதியைப் பற்றி ஜோக் அடிக்க எனக்கு வரவில்லை. ருமேனியா பக்கத்து ராஜ்ஜியங்களில் அவர்களைப் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக விற்றிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார்கள். ஹிட்லர் காலத்தில் யூதர்களைப் போலவே இவர்களையும் முகாம்களில் அடைத்துக் கொன்றிருக்கிறார்கள், லட்சக்கணக்கில். நான் படித்த பள்ளிப் பாடத்தில் ஒரு வரி இல்லை. முன்பகல் நேரம் லாட்ஜ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். யாத்ரீகர்கள் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்கள், நடை முழுக்க அழுக்குப் போர்வை குவிந்து கிடக்கும், எந்த அறையிலோ மூடாத குழாய் சொட்டும். அந்த நேரத்தில்தான் படித்தேன். படித்ததைச் சொல்ல லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் நம் வீட்டுக்கு ஓடலாம் என்று நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை என்பது நின்றபிறகுதான் நினைவுக்கு வந்தது. உன் அம்மா இருந்தால் ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, "அய்யோ பாவம், கொழந்தைங்களையுமா?" என்றிருப்பாள். இவ்வளவு பேர் வந்து போகும் இடத்தில் அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

மூன்றாவது புத்தகம் ஒல்லி. ஒரு ரோமானிப் பெண்மணி தானே எழுதியது. அதில் "இவர்கள்" கிடையாது. "என் அம்மா" என்று ஆரம்பிக்கிறது. பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தது, சுத்தம் பார்க்கிறேன் என்று டீச்சர் அவள் தலையை மட்டும் பென்சிலால் கிளறியது, மறுநாள் அவள் அம்மா சீருடையைக் கத்தி முனை மாதிரி இஸ்திரி போட்டு அனுப்பியது. இதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும். யாராவது உன்னிடம் இலோனாவின் மக்களைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டால், அவர்களே எழுதியதில் தொடங்கச் சொல். எந்த நாட்டுக்காரர், எந்தக் கூட்டத்தார், எந்தக் காலம் என்று அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல். சரித்திரத்தைத் தள்ளிவிடாதே என்றும் சொல். துரையைக் கடைசியில் படிக்கட்டும், துரையைப் பற்றித் தெரிந்துகொள்ள. இவ்வளவு விவரமாகப் பேசுகிற உன் அப்பன் அந்த ஒல்லிப் புத்தகத்தை அப்போது பாதியில் மூடிவைத்துவிட்டு, துரை சொன்னதைப் பிடித்துக்கொண்டான். காரணம் இருந்தது. துரையின் ஒரு வரி எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இறந்தவரின் துணிமணிகளை வீட்டில் வைத்திருக்கமாட்டார்கள்.

உன் அம்மா போய், காரியம் முடிந்து, நீ விமானம் ஏறிய வாரம் அம்மையார்குப்பத்திலிருந்து உன் சித்தி பெரிய பையோடு வந்தாள். "பாவா, பட்டுப் பொடவையெல்லாம் பொட்டியில கெடந்தா பூச்சி அரிச்சுடும். அக்கா கட்னத நான் கட்டிக்கினா அக்காவுக்கும் சந்தோஷம்" என்றாள். நியாயம்தான், அக்காவைவிடத் தங்கைக்குச் சந்தோஷம் அதிகமாகத் தெரிந்தது. அரக்குப் பட்டு, மாம்பழப் பட்டு, நீ முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று எல்லாம் பைக்குள் போயின. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டுப் புடவையில் உன் அம்மா எனக்குக் கொஞ்சம் அன்னியம்தான். யாரோ கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருப்பாள். அடியில் அந்தக் கத்திரிப்பூ நைட்டி கிடந்தது. மஞ்சள் பூப் போட்டது, துவைத்துத் துவைத்துப் பூ எது துணி எது என்று தெரியாதது, போன் வைக்கத் தானே ஒரு பாக்கெட் தைத்துக்கொண்டது. அதைப் போட்டுக்கொண்டு தோளில் ஒரு துண்டைப் போர்த்திக் காய்கறி வண்டிக்காரனோடு வாதாடுவாளே, அது. சித்தி இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இத்த யாரு கட்டுவா? வண்டி தொடைக்க வச்சுக்கோங்க பாவா" என்று போட்டுவிட்டுப் போனாள்.

அன்று முதல் அதுதான் என் தலையணை உறை. சொல்லிவிட்டேன். லாட்ஜில் யார் படுத்து எழுந்தாலும் அன்றே உறையைக் கழற்றிச் சலவைக்குப் போடச் சொல்லிக் கத்துகிறவன், தன் தலையணை உறையை மட்டும் இதுவரை துவைக்கவில்லை. முதலில் தாளிப்பு வாசமும் அவள் தடவிக்கொள்ளும் தைலமும் இருந்தன. இப்போது பெரும்பாலும் என் தலை வாசம்தான். பாக்கெட் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். நினைப்பாகவும் இருக்கலாம்.

மார்கழியில் நீ போன் செய்தாய். "நைனா, நாங்க வர்றதுக்குள்ள ஊட்டக் கொஞ்சம் காலி பண்ணு. பழசெல்லாம் தூக்கிப் போடு. வெள்ளையடிச்சுடலாம்" என்றாய். சித்தியிடம் கேட்டால், "புதுப்பொண்ணு வர்ற ஊட்ல செத்தவங்க துணிய வச்சுக்கினு கீறீங்களா? நல்லதுக்கா இது?" என்கிறாள். துரையும் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார். பெற்ற மகன், மச்சினி, குதிரைத் துரை மூன்று பேரும் ஒரே கட்சியில் சேர்ந்தபிறகு எனக்கு டெபாசிட் கிடைக்குமா? மருமகள் வந்து, விவரம் தெரிந்து, முகம் சுளித்து, இந்த வீட்டில் தங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? எனக்கு இருப்பது நீ ஒருவன். வருடத்துக்கு ஒரு முறையாவது வருகிறவனை ஒரு நைட்டிக்காக இழக்க முடியுமா? எரிப்பதாகச் சம்பிரதாயம் இருந்தால் நம்மிடம்தான் அதற்கென்றே போகி இருக்கிறதே. அன்று கொளுத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

போகி நெருப்பைப் பார்க்க வேண்டும் என்று இலோனா முன்பே செய்தி அனுப்பியிருந்தாள். நீதான் ஏதோ வர்ணித்திருக்கிறாய். விடியும் முன்பே தெருவெல்லாம் புகை. போகி மேளம் ஒரு பக்கம், மலையிலிருந்து பாட்டு ஒரு பக்கம். கிழிந்த பாய், பழைய துடைப்பம், முறம் எல்லாவற்றையும் வாசலில் குவித்துப் பற்றவைத்துவிட்டு வீடியோ காலில் அழைத்தேன். கடைசி டிராமை டிப்போவில் விட்டுவிட்டு வந்தவள் சீருடையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நீ உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். இங்கே வரை கேட்டது. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவள் குரல் என் காதில் திருத்தணித் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

"இன்னா நைனா, எல்லாத்தையும் போட்டுட்டீங்க. கையில இன்னா வச்சுகினு கீறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பழைய துணி."

"போட வேண்டியதுதான?"

"போடத்தான் வந்தேன்."

"அப்ப ஏன் மடிச்சு வச்சுகினு கீறீங்க? எரிக்கப் போறத யாராவது மடிப்பாங்களா?"

மாட்டிக்கொண்டேன். இது என் மனைவியுடையது, உங்கள் வழக்கத்தில் இறந்தவர் துணியை வீட்டில் வைக்கக் கூடாதாமே, நீ வருவதற்குள் எரித்துவிடுகிறேன், புத்தகத்தில் படித்தேன் என்று பெருமையும் அழுகையுமாக உளறினேன். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"எந்தப் புத்தகம்?"

சொன்னேன். துரையின் பெயரைக் கேட்டதும் சிரித்தாள். உன்னை எழுப்பிவிடாமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நைனா, அந்த மாரி செய்றவங்களும் கீறாங்க. எங்க ஊட்ல இல்ல. எங்க தாத்தா செத்தப்போ அவரு பைப்பும் சீட்டுக்கட்டும் சவப்பொட்டியிலயே வச்சு அனுப்பிச்சுட்டோம். அவரு காப்பி குடிச்ச கோப்பைய மட்டும் எங்கம்மா தரல. விளிம்பு ஒடஞ்சது. டெய்லி அதுலதான் குடிக்குது. ஆங், நாங்களும் ரோமானிதான்." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?" என்றாள். மணி விற்கும் அம்மாவிடம் மூக்குக்குப் பெயர் கேட்கத் தெரிந்தவனுக்கு, வீட்டுக்கு வரப்போகிறவளிடம் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு அவள்தான் கேட்டாள். "அத்தை எப்டி இருப்பாங்க?" அவ்வளவுதான் கேள்வி. கண்ணா, இந்த ஊரில் என்னை எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். அவள் எப்படி இருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால். நான் ஆரம்பித்தேன். காய்கறி வண்டிச் சண்டை, பாக்கெட் தைத்த கதை, ஸ்கூட்டியில் போய்ப் பிள்ளையார் கோயில் சுவரில் மோதிவிட்டுப் பிள்ளையாரையே திட்டியது. நெருப்பு அணைந்தது, விடிந்தது, எதிர் வீட்டுக்காரர் கோலத்தை மிதிக்காதீர்கள் என்று சத்தம் போட்டார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அத எங்க வச்சுக்குவீங்க?" என்று துணியைக் காட்டினாள். தலையணைக்கு என்றேன். "தொவைப்பீங்களா?" இல்லை என்றேன். லாட்ஜ் மேனேஜருக்கு வெட்கமாக இருந்தது. "தொவைக்காதீங்க" என்றாள்.

நீ ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று பயப்படுகிறாய். நீ உடைந்துவிடுவாய் என்று பயந்துதான் நானும் போனில் லாட்ஜ் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகத் தனித்தனியாக நடித்துக்கொண்டிருக்கிறோம். கட்டிக்கொள்கிறவளிடம் இந்த நடிப்பைக் கொண்டுபோகாதே. ரோமானி மக்களைப் பற்றி எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் படி. ஒல்லிப் புத்தகத்தை நானும் முடித்துவிட்டேன், வரும்போது எடுத்துக்கொண்டு போ. ஆனால் அவள் முகம் வாடியிருக்கும் நாளில் அலமாரிப் பக்கம் போகாதே. பக்கத்தில் உட்கார்ந்து கேள். "கணக்கெடுக்க வந்தியா?" என்று அவள் உன்னிடம் கேட்டாலும் எழுந்து போகாதே.

வீடு பாதி காலியாகிவிட்டது. வெள்ளையடித்தாகிவிட்டது. சிவப்புத் தொட்டியில் துளசி வைத்திருக்கிறேன். மாடி அறையில் உங்கள் இருவருக்கும் புது உறை போட்ட தலையணைகள் தயார். கீழே என் அறையில் இருப்பதை மட்டும் யாரும் கழற்றிச் சலவைக்குப் போடக் கூடாது. இது இந்த வீட்டு வழக்கம், எந்தத் துரையும் எழுதிவைக்கவில்லை. அவளுக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். வந்ததும் ஒரு மத்தியானம் என் அறைக்கு வா. பாக்கெட் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா, இல்லை வெறும் நினைப்பா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

நைனா